துருத்திக்காகத் திறந்த கமரா

பாவனைக்கு உதவாத பொருளைக் கழிப்பதற்கு அரசாங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. மூன்று உத்தியோகத்தர் கொண்ட சபை ஒன்று கூட வேண்டும். மூவரும் பொருளைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அது வேறொருவருக்குச் சொந்தமானதாக இருந்தால் அவருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூடியிருந்தால் மூவர் முன்னிலையில் திறந்து, உள்ளே என்ன இருந்தது என்று எழுதி, மூவரும் ஒப்பமிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அதிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றலாம். இந்த விதியின் இலக்கமும் உபபிரிவும் எனக்கு இன்றும் மனப்பாடம். அதைச் சொல்லி யாரையும் மிரட்டும் காலம் போய்விட்டது.

மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் களஞ்சியத்துக்குப் பொறுப்பான லிகிதராகச் சேர்ந்து, பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தொரு வருடத்தில் கால் முறிந்த கதிரைகள், ஓட்டை வாளிகள், எழுத்து விழாத தட்டச்சுப் பொறிகள் என்று எத்தனையோ பொருள்களை அந்த விதிப்படி கழித்திருக்கிறேன். ஒருமுறை, கழிப்பதற்கென்று மேசையில் வைத்த சுவர்மணிக்கூடு சபையின் முன்னாலேயே ஓடத் தொடங்கியது. 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். மறுநாள் நின்றுவிட்டது. அடுத்த சபை கூட ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அந்தக் கந்தோரில் எல்லோருக்கும் நேரம் நாலு பத்தாகவே இருந்தது.

விதியை மீறி நான் கழித்தது ஒரே ஒரு பொருள். அது அரசாங்கத்துடையது அல்ல. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெக்டரியில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர் ஒருவர் என்னிடம் திருத்தக் கொடுத்த மடிப்புக் கமரா. அதற்குள் அவருடைய இறந்துபோன மகளின் படம் இருந்தது. அவளை எடுத்த படம் வேறு கிடையாது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் விதி என்று ஒன்று இருக்கிறது.

கமரா திருத்துவது என் தொழில் அல்ல. எழுபத்தைந்தில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவற்றை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் புறப்பட்டுப் போனார்கள். பங்களாக்களில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பியானோவுக்குப் போட்டி இருந்தது. நாய்க்கூண்டுக்குக்கூட இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு தேயிலைப் பெட்டி நிறைய உடைந்த கமராக்கள் கிடந்தன. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். ஏலம் கூறியவர் பெட்டியை என் பக்கம் காலால் தள்ளிவிட்டார்.

பெரும்பாலும் மடிப்புக் கமராக்கள். மடித்து வைத்தால் தடித்த ஜெபப் புத்தகம் போல இருக்கும். முன்கதவைத் திறந்தால் கறுப்புத் தோல் துருத்தி ஒன்று நீளும். அதன் நுனியில் லென்ஸும் ஷட்டரும். பின்கதவு, பிலிம் போட. எங்கள் பக்கத்து மழைக்கும் பனிக்கும் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் பிடித்திருக்கும். துருத்தியைக் கரப்பான் தின்றிருக்கும். ஒன்றில் லென்ஸ் நல்லது, ஷட்டர் இல்லை. இன்னொன்றில் ஷட்டர் நல்லது, துருத்தி இல்லை. புதிய உறுப்பு எந்தக் கடையிலும் கிடையாது. ஒரே மாதிரியான இரண்டை மேசையில் வைத்து, எது பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்வேன். மற்றது கொடுக்கும். அவ்வளவுதான் வித்தை. பிள்ளைகளின் கணிதப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்து நுனியை அரத்தால் ராவி, லென்ஸ் வளையம் திருகும் சாவியாக்கினேன். பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்த்தாளை இழுத்து ஒட்டி, எதிரே கோயில் கோபுரத்துச் சிலுவை அதில் கூராக விழுகிறதா என்று பார்ப்பேன். துருத்தியில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க, அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கமராவுக்குள் டோர்ச் வெளிச்சம் விட்டுப் பார்ப்பேன்.

"பூசை முடிஞ்சு வந்து அலுமாரிக்குள்ள ஏறி உக்காந்துக்கிற மனுசன வச்சுக்கிட்டு, நான் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் புத்தி சொல்லணும்," என்பாள் மனைவி. அவள் ஆசிரியை. உறுப்புக் கொடுக்கிற கமராவை அவள் பொணம் என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில், "இன்னிக்கி எந்தப் பொணத்த அறுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணீர் வைப்பாள்.

அந்த எண்ணெய்க்காரர் வந்தது எண்பத்திரண்டில், அப்படி ஒரு ஞாயிறு. நாற்பது வயது இருக்கும். தேயிலைத் தூளும் இயந்திர எண்ணெயும் கலந்த மணம் அவரோடு சேர்ந்து படியேறியது. போகும்போது துரை கொடுத்துவிட்டுப் போன கமரா என்றார். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகிற லயத்து வீட்டு ஆட்களின் பத்திரங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது அவர்தானாம். கமராவைக் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கயிற்றால் கட்டியிருந்தார். அம்மன் திருவிழாவில் கையில் கட்டுகிற காப்புக் கயிறு. முன்கதவை மட்டும் திறக்க இடம் விட்டிருந்தது.

முன்கதவைத் திறந்து ஷட்டரைப் பார்த்தேன். இலைகள் பளபளத்தன. பளபளக்கக் கூடாது.

"என்ன செஞ்சீங்க இதுக்கு?"

"எண்ணெ போட்டேங்க."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்ங்க."

"கமரா ஷட்டருக்கு எண்ணெய் போடக் கூடாது."

"எண்ணெ போடாம ஓடுற மெஷினு இருக்குங்களா ஐயா?"

"இருக்கு. இதுதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அத மெஷினுன்னு சொல்லக் கூடாதுங்க," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பிலிம் சுற்றுகிற திருகும் இறுகிப்போய்விட்டது என்றார். பிறகு, "கயித்த அவுக்க வேணாங்க. பின்பக்கம் தெறக்காம, முன்பக்கமாவே பாத்து செய்ங்க," என்றார்.

"ஏன்?"

"கட்டியிருக்குங்க."

"யார் கட்டினது?"

"நாந்தாங்க. கோயில் கயிறு."

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். லொறிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறார்கள். இவர் கமராவுக்குக் கயிறு கட்டியிருக்கிறார். கண்ணேறு கழிக்கிற விஷயம். நான் படித்தவன், அதிலும் கிறிஸ்தவன். இதையெல்லாம் மரியாதையோடு அலட்சியம் செய்யப் பழகியவன். லேபல் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். இலக்கம், சொந்தக்காரர், பெற்றுக்கொண்ட திகதி, பழுது. என் லேபலில் நாலு கட்டங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற கட்டம் இல்லை. நான் எழுதி முடிக்கும்வரை அவர் எதையோ சொல்ல வந்தவர் போல நின்றார். நான் நிமிரவில்லை.

"அவசரம் இல்லீங்க. பேப்பரு வந்தா நாங்களும் இந்தியாவுக்குப் போயிருவோம். அதுக்கு முந்தி முடிஞ்சா போதும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மகளைப் புதைத்து அன்றைக்குப் பதினெட்டு நாள். பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட விஷயத்தை, குனிந்து லேபல் எழுதிக்கொண்டிருக்கிறவனிடம் யார் சொல்வார்கள்?

கமராவின் பின்பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு ஜன்னல் உண்டு. உள்ளே பிலிம் இருந்தால் அதில் எண் தெரியும். அதன்மேல் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடி வெடித்திருக்கும் என்று நினைத்தேன். கயிறு, இறுகிய திருகு, ஒட்டிய தாள். உள்ளே பிலிம் இருக்கிறது என்று மூன்றும் சேர்ந்து ஒப்பமிட்டுக் கொடுத்திருந்தன. சபை கூடி முடிவு சொல்லியாயிற்று. வாசிக்கத்தான் ஆளில்லை.

வீட்டில் ஈரம் என்று அந்தக் கமராவைக் கந்தோரில் என் மேசை லாச்சியில் வைத்தேன். அரசாங்க லாச்சியில் தனியார் பொருள் வைப்பதும் விதிக்கு முரண்தான். அந்தச் சிறிய முரண்பாடு அதைக் காப்பாற்றியது. பெரிய முரண்பாடு பின்னால் வந்தது.

அடுத்த வருடம் தொடக்கத்தில் அவர் கந்தோருக்கு வந்திருக்கிறார். நான் அன்று லக்கலவில் இருந்தேன். யானை இடித்த நெல் களஞ்சியச் சுவரை மூவராக நின்று பார்த்து, யானைதான் இடித்தது என்று உறுதிப்படுத்திக்கொண்டிருந்தோம். யாரோ தோட்டத்து ஆள் வந்து கடைசி பஸ் வரைக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார் என்று பியோன் மறுநாள் சொன்னார். அந்த வாரமே அவர் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எண்பத்து மூன்று ஜூலையில் எங்கள் தெரு எரிந்தது. அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு கோயில் மண்டபத்தில் பதினொரு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் கூரை இல்லை. அலுமாரி இல்லை. தேயிலைப் பெட்டி இருந்த இடத்தில் உருகிய உலோகமும் கண்ணாடித் துண்டுகளும் கிடந்தன. மனைவி சாம்பலை ஈர்க்குமாற்றுக் குச்சியால் கிளறி எங்கள் கலியாண அல்பத்தைத் தேடினாள். அட்டையின் பித்தளை மூலை ஒன்று கிடைத்தது. குசினிப் பரணில் வைத்திருந்த ஒரு கமரா மட்டும் தப்பியிருந்தது. வெக்கையில் அதன் துருத்தி சுருங்கி, மடிப்புக்கு மடிப்பு வெடித்திருந்தது. எண்ணெய்க்காரரின் கமராவும் அதுவும் ஒரே வகை.

சேதத்துக்கு விண்ணப்பிக்கப் படிவம் வந்தது. மூன்று பிரதிகள், கிராம சேவகரின் அத்தாட்சி, சேதத்தைக் காட்டும் புகைப்படம் இரண்டு. நகரத்தில் படம் பிடிக்கிற கடைகளும் எரிந்துபோயிருந்தன. படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று தெருவே என்னிடம் வந்தது. கமராவும் என்னிடம்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். வெடித்த துருத்தியை வைத்துக்கொண்டு படம் எடுக்க முடியாது. நான் கந்தோருக்குப் போய் லாச்சியைத் திறந்தேன்.

சொந்தக்காரர் நாட்டை விட்டுப் போய்விட்டார். விலாசம் இல்லை. கைவிடப்பட்ட பொருள். இப்படி மனதுக்குள் ஒரு குறிப்பு எழுதி, நானே அதை அங்கீகரித்தேன். தோட்டத்துக் கந்தோரில் கேட்டிருந்தால் இந்திய முகாம் விலாசம் கிடைத்திருக்கும். எல்கடுவவுக்கு பஸ்ஸில் போய்வர ஒரு பிற்பகல் போதும்.

கூரை இல்லாத முன்னறையில்தான் மேசை போட்டிருந்தது. நேரம் நண்பகல். துருத்தியைக் கழற்றப் பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

"அது யாரோட பொணம்?" என்றாள் மனைவி.

"இந்தியாவுக்குப் போனவருடையது."

"செத்துட்டாரா?"

"போயிட்டார்."

"போனவங்க சாமான் எல்லாம் பொணமா? அப்படின்னா நாம மண்டபத்துல இருந்தப்போ நம்ம வீட்டுல பூந்தவங்களும் அதத்தான் நெனச்சிருப்பாங்க."

"சும்மா இரு."

"கயிறு கட்டியிருக்கே. கேட்டீங்களா?"

"கோயில் கயிறு."

"நம்ம ஜெபமாலைய ஒருத்தன் பிளேட்டால அறுத்தா சும்மா இருப்பீங்களா?"

அறுத்தேன். கயிறு தளர்ந்ததும் பின்கதவு தானாகவே திறந்துகொண்டது. அதன் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. கயிறு கட்டியிருந்தது கண்ணேறுக்கு மட்டும் அல்ல. கதவு திறந்துவிடாமலும்தான்.

உள்ளே பிலிம். உடனே சாத்தினேன். மூன்று நொடி இருக்கும், ஐந்தாகவும் இருக்கலாம். அந்த வகைப் பிலிமின் முதுகில் ஒரு காகிதம் சேர்ந்தே ஓடும். கொஞ்ச நேர வெளிச்சத்தை அது தாங்கும். அந்த நிலையிலேயே கமராவைக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, இருட்டான இடமொன்றில் பிலிமைக் கழற்றியிருந்தால் எல்லாமே தப்பியிருக்கும். இருட்டுக்கு என்று எங்களிடம் இருந்தது அந்த அலுமாரி. அது எரிந்துபோயிருந்தது. இரவு வரைக்கும் காத்திருந்திருக்கலாம். ஆனால் வாசலில் ஆட்கள் படிவத்தோடு நின்றார்கள். 'ஏற்கெனவே பழுதடைந்துவிட்டது' என்று மனதுக்குள் இரண்டாவது குறிப்பு எழுதினேன். ஒரு பொருள் பழுதென்று எழுதிவிட்டால் அதற்கு மேல் அதைப் பழுதாக்க முடியாது என்பது லிகிதர்களின் நம்பிக்கை. கதவைத் திறந்து, இரண்டு சுருளையும் கையால் தூக்கி எடுத்து, தளர்ந்ததை இறுக்கிச் சுற்றி, ஒரு பழைய பால்மா டின்னில் போட்டு மூடினேன். பிறகு துருத்தியைக் கழற்றி, பரணில் தப்பிய கமராவுக்குப் பொருத்தினேன். நல்ல துருத்தி. ஓர் ஊசித்துளை இல்லை.

கண்டியிலிருந்து புதுப் பிலிம் வாங்கி வந்து பதினாறு வீடுகளைப் படம் பிடித்தேன். எரிந்த வீட்டுக்கு முன்னால் நிற்கவும் ஆட்கள் தலைவாரிக்கொண்டு வந்தார்கள். மண்டபத்தில் தானமாகக் கிடைத்த புதுச்சட்டையைச் சிலர் போட்டிருந்தார்கள். "சிரிக்கலாமாங்க?" என்று ஒருவர் கேட்டார். படிவத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். படங்கள் நன்றாக வந்தன. எல்லாவற்றையும் இணைத்து அனுப்பிய பிறகு, புகைப்படம் கட்டாயம் இல்லை என்று ஒரு திருத்தம் வந்தது.

எண்பத்து நான்கு தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மண்டபம் என்ற ஊரில் உள்ள முகாமில் யாரோ எண்ணெய்க்காரருக்காக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதியது என்பது தெரிந்தது.

'பொட்டிக்குள்ள எங்க சின்னவ படம் இருக்குங்க. இந்தியா பேப்பருக்குன்னு குடும்பத்தோட எடுத்தது. ஒன்னு எடுத்த ஒடனே மெஷினு எறுகிருச்சு. அதுக்கு அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்ச வந்து செத்துப் போச்சு. ஆறு வயசு. ஊரு பூரா படம் புடிச்ச நான் அவள அதுக்கு முந்தி ஒரு தடவகூட எடுத்ததில்லீங்க, பிலிமு வெல. பேப்பருக்கு டவுனுல போயி மறுபடி எடுத்தோம், மூனு பேரா. நாலு பேருன்னு எழுதினத மூனுன்னு திருத்தி வாங்க ஆறு மாசம் போச்சு. அன்னிக்கி ஐயாகிட்ட சொல்லத்தான் வந்தேன், வாய் வரல. பொட்டிய தெறக்காம வச்சிருப்பீங்க. நீங்க சட்டப்படி செய்யிற ஆளுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பிலிம கழுவி அந்தப் படத்த மட்டும் அனுப்பி வையுங்க. அவ மொகம் எனக்கு இருக்கு, அவ அம்மாவுக்கு மறக்குதுன்னு சொல்லி அழுவுது.'

இதை நான் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது அவள் அந்தப் பால்மா டின்னைக் கொண்டுவந்து கடிதத்தின் பக்கத்தில் வைத்திருந்தாள்.

கண்டியில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோனேன். கழுவி எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு ஓரமும் போச்சுங்க. நடு மட்டும் நிக்குது. யாரு இத வெயில்ல தெறந்தது?" என்றார்.

"ஒரு முட்டாள்," என்றேன்.

"கட்டாயம் அப்பிடித்தான் இருக்கும்," என்றார்.

படத்தின் இடது ஓரத்தில் வெளிச்சம் தின்றது போக ஒரு சேலையின் கரை. வலது ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள், செருப்பில்லை. இரண்டுக்கும் நடுவில், லயத்துச் சுவருக்கு முன்னால், பிரம்பு பின்னிய ஒரு கதிரை. கதிரை மட்டும் தெளிவாக, பின்னலின் ஒவ்வொரு கண்ணும் தெரியும்படி விழுந்திருந்தது. அதன்மேல் லேசாக ஒரு புகைமூட்டம். தகப்பன் வந்து உட்காருவதற்காக விட்டிருந்த இடம் போலும். அவர்தானே கமராவுக்குப் பின்னால் நின்றிருப்பார். கால்கள் அந்தப் பிள்ளையுடையவை. முழங்காலுக்கு மேலே உள்ளதை அழித்தவன் நான். புகைமூட்டமும் நான் விட்ட வெளிச்சம்தான். இப்படி முடிவு செய்துகொண்டேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை மனைவி வாங்கிப் பார்த்தாள். '...மேற்படி பிலிம் சுருள் எதிர்பாராத சூழ்நிலை காரணமாகப் பகுதியளவில் பாதிப்புக்குள்ளாகியுள்ளதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன்.'

"இது பிள்ளையப் பறிகொடுத்தவங்களுக்கு எழுதுற கடிதமா, இல்ல டெண்டர தள்ளுபடி பண்ற கடிதமா?"

"மனவருத்தம் என்று எழுதியிருக்கே."

"எல்லாத்துக்கும் அதத்தான் எழுதுறீங்க. போன மாசம் வாளி குடுக்க முடியாதுன்னு எழுதினப்பவும் மனவருத்தம். யாரு தெறந்தது? அத எழுதுங்க."

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நான் திறந்தேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் திறந்தேன். வெயிலில் திறந்தேன். உங்கள் மகளின் கால்கள் மட்டும் இருக்கின்றன. நடுவில் காலிக் கதிரை இருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இவ்வளவுதான். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அது. படத்தையும் கழுவிய பிலிமையும் அட்டைக்கு நடுவில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வரவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு நினைவூட்டல் எழுதினேன். அதற்கு அடுத்த வருடம் இன்னொன்று. அது 'முகாமில் இல்லை' என்ற முத்திரையோடு என்னிடமே வந்தது. கப்பல் நின்றது. யுத்தம் வந்தது. எண்பத்தொன்பதுக் கிளர்ச்சியில் எங்கள் மாவட்டத்துப் பாதையோரங்களில் பிணமாகக் கிடந்தவர்களுக்கு யாரும் லேபல் கட்டவில்லை. அந்த நாட்களில் ஒரு கமராவைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கவலை அதற்காக நிற்கவில்லை.

துருத்தியைக் கழற்றி மறுபடி அவருடைய கமராவிலேயே பொருத்தினேன். ஷட்டரைப் பிரித்து, எண்ணெயைப் பெற்றோலில் கழுவி, இலை இலையாகத் துடைத்தேன். கொக்கிக்குப் புதிதாகத் தகடு வெட்டிப் போட்டேன். திருகு இளகியது. அது மிக நன்றாக வேலை செய்யும் கமரா ஆனது. அதற்குள் நான் ஒருநாளும் பிலிம் போடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கமராவிலிருந்தும் எதையும் எடுக்கவும் இல்லை. யாராவது உடைந்ததைக் கொண்டுவந்தால், கண் தெரியவில்லை என்பேன். ஓய்வு பெற்றவன் சொன்னால் நம்புகிறார்கள்.

பதில் வந்தபோது எனக்குக் கண் உண்மையாகவே மங்கியிருந்தது. மனைவிதான் வாசித்தாள். நீலகிரிப் பக்கத்திலிருந்து எண்ணெய்க்காரரின் மகன் எழுதியிருந்தார். நல்ல எழுத்து. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். என் கடிதமும் படமும் முகாம் முகாமாக அலைந்து, இரண்டு வருடம் கழித்து அவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன.

'படத்தில் தெரியும் கால்கள் என்னுடையவை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நடுவில் இருப்பது காலிக் கதிரை என்று எழுதியிருந்தீர்கள். அது காலி இல்லை. தங்கச்சி அதில்தான் உட்கார்ந்திருந்தாள். பெக்டரி கந்தோரிலிருந்து அவளுக்காகவே இரவல் வாங்கி வந்த கதிரை. அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா அமுக்கினார். சத்தம் கேட்டதும் படம் எடுத்தாயிற்று என்று அவள் குதித்து இறங்கி அப்பாவிடம் ஓடினாள். அதற்குப் பிறகும் கமராவின் கண் மூடாமல் நின்றதாம்.'

மனைவி நிறுத்தி என்னைப் பார்த்தாள். விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. எண்ணெய் பிடித்த ஷட்டர் திறந்தால் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் மூடும். அவ்வளவு நேரமும் அசையாமல் இருந்த கதிரை பதியும். இறங்கி ஓடிய பிள்ளை பதியாது. ஒரு புகைமூட்டம் மட்டும் நிற்கும். ஷட்டரின் எண்ணெயை என் கையாலேயே கழுவியவன் நான். ஆனால் என் குற்றத்தை அவ்வளவு சீக்கிரம் எழுதி முடித்துவிட்டதால், படத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

'கதிரையின் மேலே உள்ள புகைதான் அவள் என்று அப்பா சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். இது தலை, இது ரிப்பன், சிரிக்கிறாள் பாருங்கள் என்பார். அம்மாவுக்கும் எனக்கும் ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரிகிறது என்று சொல்லிவிடுவோம். உங்களுக்குப் பதில் எழுதச் சொல்லிப் பல தடவை கேட்டேன். எழுதினால் எண்ணெய் போட்டது தான்தான் என்று எழுத வேண்டி வரும், போடக் கூடாது என்று அந்த ஐயா அன்றைக்கே சொன்னார் என்று சொல்லி விட்டுவிடுவார். போன ஐப்பசியில் அப்பா இறந்துவிட்டார். படத்தையும் பிலிமையும் அம்மா அவர் நெஞ்சில் வைத்து அனுப்பிவிட்டார். இப்போது தினமும் கேட்கிறார். ஒரு தடவை ஆற அமர உட்கார்ந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்குமோ என்கிறார். கந்தோரில் வேலை செய்தவர்கள் எதற்கும் ஒரு பிரதி வைத்திருப்பார்கள் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. இருந்தால் அனுப்புங்கள்.'

"வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

வாளிக்கு மறுத்த கடிதத்தின் பிரதி இருக்கும். யானை இடித்த சுவருக்கு மூன்று பிரதிகள் இருக்கும். இதற்கு மட்டும் நான் பிரதி எடுக்கவில்லை. அந்தப் படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள அன்று எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அவள் கடிதத்தை மடித்து என் கையில் தந்தாள். பேனாவைத் தேடி எடுத்து, பழக்கதோஷத்தில், அதன் மேல் மூலையில் பெற்றுக்கொண்ட திகதியை எழுதினேன். இரண்டாயிரத்து நான்கு, பெப்ரவரி இரண்டு.